ஒருதலை ஆட்டம்: சிறுவர் கால்பந்துக்குப் புதிதாக வந்த பயிற்சியாளர்களுக்கு

கோடை விடுமுறை விட்டதும் பாளையங்கோட்டையில் மட்டுமல்ல, வள்ளியூர், அம்பாசமுத்திரம், உவரி, இடிந்தகரை என்று எங்கும் சிறுவர்களுக்குக் கால்பந்துப் பயிற்சி தொடங்கிவிடுகிறது. கற்றுக்கொடுக்க முன்வருபவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு, ஓய்வு பெற்ற போலீஸ்காரர்கள் உண்டு, பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள் உண்டு. பந்தை நிறுத்தவும் பாஸ் கொடுக்கவும் சொல்லித்தருவதில் அவர்களுக்குத் தடுமாற்றமில்லை. முதல் நட்பு ஆட்டத்தின் இருபதாவது நிமிடத்தில் ஆறுக்குப் பூஜ்யம் என்று ஆகும்போதுதான் கை பிசைந்து நிற்கிறார்கள். தோற்கும் பக்கத்தில் இருப்பவர் மட்டுமல்ல, வெல்லும் பக்கத்தில் இருப்பவரும் அப்படித்தான். அந்த இருவருக்காகவும் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருதலை ஆட்டத்துக்குப் பிள்ளைகள் பொறுப்பாளிகள் இல்லை. பொருந்தாத இரண்டு அணிகளை மோதவிட்டவர்கள் பெரியவர்கள். ஆகவே அதைச் சரிசெய்ய வேண்டியவர்களும் பெரியவர்கள்தான். அதையும் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சேர்ந்து, பிள்ளைகளின் காதில் விழாமல் செய்ய வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது?

நம் பக்கத்தில் காரணங்களைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. கடலோர ஊர்ப் பையன்கள் நடக்கத் தொடங்கியதிலிருந்தே மணலில் பந்து உதைத்தவர்கள். மணலில் ஓடிப் பழகிய கால் கட்டாந்தரையில் பறக்கும். அவர்களுக்கு எதிரே குறுவட்டப் போட்டிக்காக இரண்டு வாரத்துக்கு முன்பு அவசரமாகச் சேர்த்த ஓர் உள்ளூர்ப் பள்ளி அணி வந்து நிற்கிறது. அணியில் பாதிப்பேர் கபடிக்காரர்கள். முடிவு விசில் ஊதுவதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

வயதும் ஒரு காரணம். ‘14 வயதுக்குட்பட்டோர்’ என்ற ஒரே பிரிவில் 12 வயது முடிந்த பையனும் இன்னும் சில நாளில் 14 ஆகப்போகிற பையனும் ஆடுகிறார்கள். பையன்கள் சட்டென்று உயரும் பருவம் இது. ஒருவன் தலை மற்றவன் தோளுக்குக்கூட எட்டாது. அந்த உயரத்தைத் திறமை என்று எண்ணி ஏமாறுவது எளிது.

ஆட்டத்துக்கு முன்பு

பாதி வேலை இங்கேயே முடிந்துவிட வேண்டும். எதிரணிப் பயிற்சியாளருக்குப் போன் செய்யுங்கள். ‘எத்தனை மணிக்கு வருகிறீர்கள்?’ என்பதோடு வைத்துவிடாதீர்கள். அண்ணாச்சி, உங்கள் பிள்ளைகள் எத்தனை மாதமாக ஆடுகிறார்கள், என்ன வயது, மொத்தம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. இடைவெளி பெரிதாகத் தெரிந்தால் பதினோரு பேர் ஆட்டம் வேண்டாம், ஏழு பேர் ஆட்டம் இரண்டு போடுவோம் என்று அப்போதே பேசிவிடலாம். வலுவானவர்கள் வலுவானவர்களோடும், புதியவர்கள் புதியவர்களோடும் ஆடிக்கொள்வார்கள்.

சிறுவர் ஆட்டங்களில் மைதானத்தின் அளவு, பந்தின் அளவு, ஆட்ட நேரம், வெளியே போனவர் மீண்டும் உள்ளே வருவது ஆகியவற்றை மாற்றி அமைத்துக்கொள்ளக் கால்பந்து விதிகளே இடம் தருகின்றன. இங்கிலாந்தில் 2025-26 பருவம் வரை 8 வயது வரை ஐந்து பேர், 10 வயது வரை ஏழு பேர், 12 வயது வரை ஒன்பது பேர், அதற்குப் பிறகே பதினோரு பேர் என்று வைத்திருந்தார்கள். நாமோ பத்து வயதுப் பையனைப் பெரியவர்களின் கோல் கம்பத்துக்கு நடுவில் நிறுத்திவிட்டு, மேலே போகும் பந்தை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்கிறோம். 12 வயது வரை நான்காம் எண் பந்து போதும். கோலைச் சின்னதாக்க இரண்டு கோனும் ஒரு கயிறும் போதும்.

அதே இங்கிலாந்தில் சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. நான்கு கோல் பின்தங்கிய அணி கூடுதலாக ஓர் ஆட்டக்காரரை இறக்கிக்கொள்ளலாம். வித்தியாசம் நான்குக்குக் கீழே வந்ததும் அவரை வெளியே எடுத்துவிட வேண்டும். இதை நட்பு ஆட்டங்களில் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்பே இரண்டு அணிக்கும் நடுவருக்கும் சொல்லியிருக்க வேண்டும். நான்கு கோல் விழுந்த பிறகு அறிவித்தால் அது பிச்சை போட்டதுபோல் ஆகிவிடும். முன்பே சொல்லிவிட்டால் அது விதி.

இன்னொன்று காற்று. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர்ப் புத்தகம் எதிலும் இது நமக்காக எழுதப்பட்டிருக்காது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் வட்டாரத்தை அடித்துத் துவைக்கிறது. காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. செங்கோட்டைக் கணவாய்க்கு நேரே இருக்கும் தென்காசிப் பக்கத்திலும் இதே கதைதான். கிழக்கு மேற்காகக் கோல் கம்பம் நட்ட மைதானத்தில் மேற்கிலிருந்து ஆடும் அணி உதைக்கும் ஒவ்வொரு பந்தும் கோலை நோக்கியே போகும். கிழக்குப் பக்கத்துக் கோல்கீப்பர் கோல்கிக் எடுத்தால் பந்து எழும்பி அவன் தலைக்கே திரும்பி வரும். இருபது நிமிடத்தில் ஐந்து கோல் விழுந்திருக்கும். எந்த அணி நல்ல அணி என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது.

அதனால் முடிந்தவரை கோல் கம்பங்களை வடக்கு தெற்காக நடுங்கள். காற்று குறுக்கே போகும், இருவருக்கும் சமம். மாலை வெயிலும் கோல்கீப்பரின் கண்ணில் அடிக்காது. கம்பம் ஏற்கெனவே கிழக்கு மேற்காக ஊன்றியிருந்தால் ஆட்டத்தை இரண்டு பாதியாக வைக்காமல் நான்கு கால்பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கம் மாற்றுங்கள். மூன்று இடைவேளை கிடைப்பதில் வேறு லாபங்களும் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் பந்து கிடைக்காமல் துரத்திக்கொண்டே இருக்கும் அணிதான் முதலில் துவளும். அவர்களுக்குத் தண்ணீரும் நிழலும் அடிக்கடி வேண்டும். பயிற்சியாளர்கள் இருவரும் ஒதுங்கி நின்று பேசிக்கொள்ளவும் அந்த இடைவேளைதான் தோது.

நீங்கள் வெல்லும் பக்கம் என்றால்

பெரும் பொறுப்பு உங்களுடையது. ஸ்கோரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், எதிரணி மையக்கோட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். இரண்டுக்குப் பூஜ்யமாக இருந்தாலும் அவர்கள் தாண்டவே இல்லையென்றால் அப்போதே வேலையைத் தொடங்கலாம். நான்கு கோல் வித்தியாசம் வந்துவிட்டால் தொடங்கியே ஆக வேண்டும்.

முதலில் இடங்களை மாற்றுங்கள். கோல் போடுகிறவனைத் தடுப்பாட்டத்துக்கு அனுப்புங்கள். தடுப்பாட்டக்காரனை முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள். கோல்கீப்பருக்கு ஒரு கால்பகுதி வெளியே ஆட ஆசை இருக்கும், அனுப்புங்கள். வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லாரும் இப்போது உள்ளே இருக்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே பல ஆட்டங்கள் சமநிலைக்கு வந்துவிடும்.

அது போதவில்லையென்றால் உங்கள் பிள்ளைகளின் வேலையைக் கடினமாக்குங்கள். வலது காலால் கோல் போட்டவன் இனி இடது காலால் மட்டுமே அடிக்க வேண்டும். பெனால்டி பகுதிக்குள் நுழையும் முன்பு பந்து இரண்டு ஓரங்களையும் தொட்டு வர வேண்டும். கோல் என்றால் ஓரத்திலிருந்து வரும் பந்தைத் தலையால் முட்டிய கோல் மட்டும், அதுவும் பதின்மூன்று வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும். சின்னப் பிள்ளைகளைத் தலையால் முட்டச் சொல்ல வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை போதும். மூன்றைச் சேர்த்துச் சொன்னால் பையன்கள் குழம்பிப்போய் நின்றுவிடுவார்கள், எதிரணிக்கு அது கேலியாகத் தெரியும்.

இந்தக் கட்டளை யாருக்கு என்பதில் மிகவும் கவனமாக இருங்கள். ஆண்டு முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன் ஒருவன், ஏழுக்குப் பூஜ்யம் என்ற நிலையில் கடைசிப் பத்து நிமிடத்துக்கு உள்ளே இறங்குகிறான். அவன் வாழ்க்கையின் முதல் கோல் இன்றைக்கு விழலாம். அவனிடம் போய் ‘கோல் அடிக்காதே’ என்று சொல்வது கொடுமை. எட்டாவது கோல் அவன் போட்டால் போடட்டும், ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொள்ளட்டும். கட்டுப்பாடெல்லாம் வழக்கமாகக் கோல் போடுகிறவர்களுக்குத்தான்.

இனி, செய்யவே கூடாதவை. நடுமைதானத்தில் வட்டமாக நின்று பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டு எதிரணியை ஓடவிடுவதைச் சிலர் பெருந்தன்மை என்று நினைக்கிறார்கள். பத்துக் கோல் வாங்குவதைவிட அது அவமானம். தோற்கிற பையன் ஒன்றைத் தாங்கிக்கொள்வான்: எதிரி தன்னைவிட நன்றாக ஆடினான் என்பதை. எதிரி தன்னோடு ஆடவே விரும்பவில்லை என்பதைத் தாங்க மாட்டான். வேண்டுமென்றே வெளியே அடிப்பது, கோல்கீப்பரை ஒதுங்கச் சொல்லி ஒரு கோல் ‘விட்டுக்கொடுப்பது’ எல்லாம் இந்த வகைதான். பத்து வயதுப் பிள்ளைக்கும் அது புரிந்துவிடும்.

கட்டளையைக் கோட்டோரத்திலிருந்து கத்திச் சொல்வதும் கூடாது. ‘இனி கோல் வேண்டாம், பாவம்’ என்று மைதானம் முழுக்கக் கேட்கச் சொன்ன பயிற்சியாளரைப் பார்த்திருக்கிறேன். எதிரணித் தடுப்பாட்டக்காரப் பையன் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஓடுவதை நிறுத்தி, இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான். அதற்குப் பிறகு அங்கே ஆட்டம் என்று ஒன்று இல்லை. இடைவேளையில் இரண்டு மூன்று பேரைத் தனியே கூப்பிட்டு, ‘தம்பி, உனக்கு ஒரு கடினமான வேலை தருகிறேன்’ என்று மெதுவாகச் சொல்லுங்கள். இரக்கத்துக்காகச் செய்கிறோம் என்று அவர்களும் நினைக்க வேண்டாம். அது உண்மையான பயிற்சிதான், இடது கால் வேறு எப்போது பழகும்?

2014 உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனி பிரேசிலை அவர்கள் நாட்டிலேயே 7-1 என்று வென்றது. இடைவேளையில் 5-0. எதிரணியை அவமானப்படுத்தும் எதையும் செய்யக் கூடாது, அதே நேரம் ஆட்டத்தில் கவனம் குறையவும் கூடாது என்று இடைவேளையில் பேசிவைத்ததாக அந்த அணியின் மாட்ஸ் ஹம்மெல்ஸ் பின்னர் சொன்னார். 2019 பெண்கள் உலகக் கோப்பையில் அமெரிக்கா தாய்லாந்தை 13-0 என்று வென்றபோது உலகம் முழுக்க விவாதம் எழுந்தது. லீக் சுற்றில் கோல் வித்தியாசம் கணக்கில் வருவதால் கோல்களைக் குறை சொல்ல முடியாது என்றார்கள் பலர். பத்தாவது, பதினோராவது கோலையும் முதல் கோல்போலக் கொண்டாடியதுதான் பலரை உறுத்தியது. பிள்ளைகளுக்கும் இதே அளவுகோலை வைக்கலாம்: ஐந்துக்கு மேல் போன கோலுக்குக் கைகுலுக்கிவிட்டுத் திரும்பி வர வேண்டும். முதல் கோல் போட்ட பெஞ்சுப் பையன் மட்டும் விதிவிலக்கு.

நட்பு ஆட்டமென்றால் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பாதி நேரத்தில் எட்டுக்குப் பூஜ்யம் என்றால் அந்த ஆட்டத்தை அங்கேயே முடித்து, கைகுலுக்கி, இரண்டு அணியையும் கலந்து புதிய ஆட்டம் போடுங்கள். சட்டைக்கு மேல் மாட்டும் வண்ண பிப்கள் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஓர் அணி சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளட்டும். உவரிப் பையனும் நாங்குநேரிப் பையனும் ஒரே பக்கம் ஆடும்போது, முதல் பாதியில் ஓடி ஓடி ஏமாந்தவனுக்கு ‘இப்படி நில், பந்து வரும்’ என்று மற்றவன் சொல்லிக்கொடுப்பான். நாம் ஒரு மாதம் சொல்லிக்கொடுப்பதை அவன் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவான்.

குறுவட்டம், மாவட்டம் போன்ற பள்ளிப் போட்டிகளில் விதியை மாற்ற முடியாது. அங்கே உங்கள் கையில் இருப்பது உங்கள் அணி மட்டும்தான். நாக்-அவுட் முறையில் ஆறாவது கோலுக்கும் பதினாறாவது கோலுக்கும் எந்த மதிப்பும் கிடையாது. எல்லா மாற்று வீரர்களையும் இறக்க அதைவிட நல்ல நாள் வராது. உள்ளூரில் நீங்களே லீக் நடத்துவதாக இருந்தால், ஓர் ஆட்டத்தில் ஐந்துக்கு மேற்பட்ட கோல் வித்தியாசம் கணக்கில் சேராது என்று முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

நீங்கள் தோற்கும் பக்கம் என்றால்

முதலில் கோல்கீப்பரைப் பாருங்கள். நம் மைதானங்கள் பலவற்றில் கோலுக்கு வலை கிடையாது. கோல் விழுந்ததும் பந்து பின்னால் இருக்கும் சீமைக்கருவேல முள்ளுக்குள் போய்விடும். அதை எடுத்துவரப் போவது யார்? கோல் வாங்கிய பையனேதான். மற்றவர்கள் மையத்தில் காத்திருக்க, அவன் ஒருவன் முதுகைக் காட்டி நடந்துபோய், முள்ளை விலக்கி, குனிந்து, பந்தை எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறான். ஒவ்வொரு கோலுக்கும் இந்த நடை. கோல் வாங்கியதைவிட அந்த நடைதான் பையனை உடைக்கிறது. காலில் கீறலோடு, யார் முகத்தையும் பார்க்காமல் பந்தை உதைத்துக் கொடுப்பான். இரண்டு கோலுக்குப் பின்னாலும் இரண்டு பெரிய பையன்களை நிறுத்துங்கள். பந்தை எடுத்துத் தருவது மட்டுமே அவர்கள் வேலை. செலவில்லாத ஏற்பாடு, முதல் விசிலுக்கு முன்பே செய்துவிடுங்கள்.

கோல்கீப்பரை மாற்றுவதாக இருந்தால் கோல் விழுந்த கையோடு மாற்றாதீர்கள். கால்பகுதி முடியும்வரை பொறுத்து, அவனைக் கேட்டு மாற்றுங்கள். ‘நானே நிற்கிறேன் சார்’ என்றால் நிற்க விடுங்கள்.

அடுத்தது இலக்கு. வெல்வது இன்றைக்கு நடக்காது என்பது பையன்களுக்குத் தெரியும். ‘இன்னும் நேரம் இருக்கிறது, ஜெயிக்கலாம்’ என்று சொன்னால் உங்கள் சொல்லின் மதிப்புதான் குறையும். அடுத்த பத்து நிமிடத்துக்கு ஒரு சின்ன இலக்கு கொடுங்கள்: மூன்று முறை மையக்கோட்டைத் தாண்டுவோம், ஒரு கார்னர் வாங்குவோம், ஐந்து நிமிடம் கோல் விடாமல் நிற்போம். அதைச் செய்து முடித்ததும் எழுந்து நின்று கைதட்டுங்கள். ஒரு கார்னருக்குக் கொண்டாடுகிறார்களே என்று எதிரணி சிரித்தால் சிரிக்கட்டும்.

ஆட்டத்தின் உள்ளே இரண்டு மாற்றங்கள் உடனே பலன் தரும். ஒன்று, பரந்து நிற்பதை விட்டு நடுவில் நெருங்கி நிற்பது. ஓரத்தை எதிரணிக்குக் கொடுத்துவிடலாம், கோலுக்கு நேரே உள்ள இடத்தைக் கொடுக்கக் கூடாது. இரண்டு, கோல்கிக். வலுவான அணி பெனால்டி பகுதியின் வாசலிலேயே நின்றால் சின்னப் பிள்ளைகளால் பந்தை வெளியே கொண்டுவரவே முடியாது. உதைப்பார்கள், பறிகொடுப்பார்கள், கோல் வாங்குவார்கள். கோல்கிக்கின்போது எதிரணி மையக்கோடு வரை பின்வாங்கி நிற்கட்டும் என்று இடைவேளையில் எதிர்ப் பயிற்சியாளரைக் கேளுங்கள். இங்கிலாந்தில் சின்னப் பிள்ளைகளுக்கு இது விதியாகவே இருக்கிறது. கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

இடைவேளையில் முதல் இரண்டு நிமிடம் எதுவும் பேசாதீர்கள். தண்ணீர் குடிக்கட்டும், நிழலில் உட்காரட்டும். பிறகு, தவறுகளை அடுக்காமல், ‘பந்து எங்கே நமக்குக் கிடைக்கிறது?’ என்று அவர்களையே கேளுங்கள். பதில் வரும்.

அடுத்த நாள் பயிற்சியில் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அடியோடு விட்டுவிட வேண்டிய பழக்கம் அது. தோற்றதற்கு ஓட வேண்டும் என்றால், அடுத்த முறை பலவீனமான பிள்ளைகள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். ஓடவிடுவதற்குப் பதிலாக ஐந்து பேருக்கு எதிராக மூன்று பேர் பந்தைக் காக்கும் பயிற்சி கொடுங்கள். நேற்று அவர்கள் தவித்தது அதில்தான்.

2001 ஏப்ரல் 11 அன்று உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆஸ்திரேலியா, பசிபிக் கடலின் சிறு தீவு அணியான அமெரிக்க சமோவாவை 31-0 என்று வென்றது. நாடுகளுக்கு இடையிலான ஆட்டங்களில் இதுதான் மிகப் பெரிய வெற்றி வித்தியாசம். அந்த எண்ணைத் தெரிந்த அளவுக்கு அதன் காரணத்தைப் பலர் அறிவதில்லை. பாஸ்போர்ட் சிக்கலால் அமெரிக்க சமோவாவின் வழக்கமான வீரர்கள் ஆட முடியாமல் போக, பதின்ம வயதுப் பையன்களையும் சேர்த்து ஓர் அணியைத் திரட்டி அனுப்பினார்கள். அடுத்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சிறிய தீவு நாடுகளுக்கு முதலில் தனிச் சுற்று வைத்தார்கள். அன்று 31 கோல் வாங்கிய கோல்கீப்பர் நிக்கி சலாப்பு 2011 நவம்பரில் தன் அணி டோங்காவை 2-1 என்று வென்றபோதும் கோலில் நின்றார். அது அமெரிக்க சமோவாவுக்கு ஃபிஃபா ஆட்டமொன்றில் கிடைத்த முதல் வெற்றி. உங்கள் கோல்கீப்பரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்த அன்றே வேண்டாம், இரண்டு நாள் கழித்து.

கோட்டுக்கு வெளியே

பெற்றோர் கத்துவார்கள். வெல்லும் பக்கத்து மாமாக்கள் ‘இன்னும் போடு’ என்பார்கள், தோற்கும் பக்கத்துச் சித்தப்பாக்கள் கோல்கீப்பரைத் திட்டுவார்கள். ஆட்டத்துக்கு முன்பே அவர்களை ஒருபக்கமாக நிற்கவைத்து, பெயர் சொல்லிக் கத்தக் கூடாது என்ற ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காதவரிடம் தண்ணீர்க் குடத்தைக் கொடுத்து எதிரணிக்கும் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு வருபவர் பெரும்பாலும் அடங்கிவிடுவார்.

ஸ்கோரைப் படத்தோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதை இரண்டு அணியும் தவிர்க்க வேண்டும். தோற்ற பிள்ளைகளின் முகம் அதில் இருக்கிறது, திங்கட்கிழமை அவர்கள் பள்ளிக்குப் போக வேண்டும்.

நடுவருக்கும் ஒரு வார்த்தை. இழந்த நேரத்துக்கு ஈடாகக் கூடுதல் நிமிடங்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம். நேரம் முடிந்ததும் விசிலை ஊதிவிடுங்கள்.

ஆட்டம் முடிந்த பிறகு

பஸ்ஸுக்கு ஓடுவதற்கு முன்பு எதிர்ப் பயிற்சியாளரோடு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு நோட்டில் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிள்ளைகளின் வயது, எத்தனை பேர் ஆடினோம், காற்று எந்தப் பக்கம், எந்த மாற்றத்துக்குப் பிறகு ஆட்டம் சமமானது. ஸ்கோரை எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்றுதான், அது யாருக்கும் மறக்காது. இந்தக் குறிப்பு இருந்தால் அடுத்த முறை அவர்களின் 14 வயது அணிக்கு எதிராக உங்கள் 12 வயது அணியை இறக்குவதா, ஏழு பேர் ஆட்டமா, தொடக்கத்திலிருந்தே கலந்து ஆடுவதா என்று முடிவு செய்துவிடலாம். அடுத்த ஆட்டத்தின் தேதியையும் அங்கேயே, தோற்ற பிள்ளைகள் கேட்கும்படி, பேசி முடியுங்கள்.